எலிகியோ செய்த கல்முகம்

பானி ஊரில் பேஸ்பால் பந்தெறியப் பழக வரும் பையன்களுக்கு எலிகியோவிடம் இரண்டு வேளை பாடம். காலையில் மணல்மேட்டில் ஓடவிட்டே காலையும் இடுப்பையும் முறுக்கேற்றிவிடுவார். கையை நம்பி எறிபவன் சீக்கிரம் கையை இழப்பான் என்பது அவர் கணக்கு. மாலைப் பாடம் திட்டு. எறிபவனைச் சுற்றி மற்றவர்களை நிறுத்தி, வாய்க்கு வந்தபடி ஏசச் சொல்வார்.

“டேய் யெய்மி, எங்க வீட்டு ஆடு இதவிட வேகமா நடக்கும்டா!”

“உங்கம்மாவ எறியச் சொல்லு, உருப்படியா வரும்!”

முகம் ஒரு துளி சுருங்கினாலும் மறுபடி முதலிலிருந்துதான். “மட்டை புடிச்சவன் மொதல்ல உன் மூஞ்சியத்தான்டா பாப்பான். வலி, பயம், கோவம் எதையும் அங்க காட்டாத” என்பார். இந்தப் பாடத்தில் பதினாறு வயது யெய்மி அளவுக்குத் தேறியவன் எவனும் இல்லை. என்ன ஏசினாலும் இமை அசையாது. எலிகியோவுக்கு அதில் கொள்ளைப் பெருமை. அந்தப் பெருமைதான் அவர் கண்ணை மறைத்தது.

அமெரிக்க அணிகளுக்கு ஆள் எடுப்பவர்கள் ஒருநாள் யெய்மியின் எறியைப் பார்க்க வந்து, பந்தின் வேகத்தை அளக்கும் வேகமானிகளோடு வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். யெய்மியின் அப்பா சிரிலோ வேலிக்கம்பியைப் பிடித்தபடி நின்றான். முதல் பந்துகளே மணிக்குத் தொண்ணூறு மைலைத் தாண்டின. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது யெய்மி நெற்றி வியர்வையைத் துடைத்தான். எறியும் வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருக்க, கையுறை மாட்டிய இடது கையைத் தூக்கித் துடைத்தான்.

எலிகியோவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. காலையில் மசித்த வாழைக்காயையும் இவன் இடது கையால்தான் அள்ளித் தின்றான். அதைப் பார்த்துச் சிரித்தாரே, பாவி! பையனின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றுமே இல்லை. அதைப் பூட்டிச் சாவியைத் தொலைத்தவர் அவரேதான்.

இப்போது நிறுத்தினால் முழங்கை கெட்ட பையன் என்ற பேச்சு இன்றைக்கே பரவிவிடும், ஒருவனும் எடுக்கமாட்டான். நிறுத்தாவிட்டால் அடுத்த பந்திலேயே நரம்பு அறுந்தாலும் அறும்.

“இன்னும் வேகமா, யெய்மி! விட்டுடாத!” என்று சிரிலோ கத்தினான்.

யெய்மி காலைத் தூக்கினான். “நிறுத்துடா!” என்று அலறியபடியே எலிகியோ ஓடினார்.

“வலிக்குதா?”

“இல்ல, வாத்தியாரே.”

“என்னப் பாத்துச் சொல்லு.”

“சத்தியமா இல்ல. இன்னும் ரெண்டே ரெண்டு எறிஞ்சுடறேன். அப்பா பாக்குறாரு.”

முழங்கையின் உட்பக்கம் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். முகம் அசையவில்லை. விரல்கள் மட்டும் விரிந்து பந்து மண்ணில் விழுந்தது.

எலிகியோ கையைத் தூக்கி, முடிந்தது என்று காட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் சிரிலோ கெட்ட வார்த்தையில் ஏசத் தொடங்கினான். வந்தவர்கள் வேகமானிகளைப் பைக்குள் வைத்தார்கள்.

“எப்பலேருந்துடா இது?”

“ஈஸ்டருக்கு முன்னாலேருந்து.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா!” எலிகியோவின் குரல் உடைந்துபோயிற்று.

பையன் குழப்பத்தோடு அவரைப் பார்த்தான்.

“மூஞ்சியில காட்டிட்டேனா, வாத்தியாரே?”