எதிர்ப்பக்கத்து இடது மூலை

எதைத் தொடுவதாக இருந்தாலும் அவள் இடது கையைத்தான் முதலில் நீட்டுவாள். டீ டம்ளர், குழாய்த் தண்ணீர், காய்ச்சலில் கிடக்கும் மகளின் நெற்றி, எதுவானாலும் இடது கை போய்ச் சேதி கொண்டுவந்த பிறகுதான் வலது கை. சலவைக்கூடத்தில் ஒன்பது வருஷமாக இதைப் பார்த்தவர்கள், அது அவளுடைய கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள். வலது விரல்களுக்குச் சூடும் தெரியாது, துணியும் தெரியாது என்பது அவள் வீட்டுக்காரருக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும்.

மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் என்று டாக்டர் பெயர் சொன்னார். வயரின் உறை அங்கங்கே உரிவதுபோல நரம்பின் உறை உரிகிறதாம். வெளியே ஒரு கீறல் இருக்காது. தூங்கி எழுந்தாலும் அசதி தீராது. உடம்பு சூடேறினால் கால் ஈயமாகக் கனக்கும், பார்வை புகையும், சொல்ல வந்த சொல் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப்போகும். "ஊசி நோயைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். மத்ததை நீங்கதான் பார்த்து நடந்துக்கணும்மா" என்றார்.

பார்த்துதான் நடந்தாள். ஓட்டல் படுக்கை விரிப்புகளைச் சூடான ரோலருக்குள் இருவராக விடும் வேலை. வலது மூலை அவளுக்கு, இடது மூலை பக்கத்தில் நிற்கும் 'குண்டூசி'க்கு. ஒல்லி உடம்பு, குத்தும் வாய், அதனால் அந்தப் பெயர். விரல் செய்யவேண்டியதை இவள் கண்ணால் சமாளித்தாள். ஆனால் இந்த வெயிலில் பதினொரு மணிக்கு மேல் கண்ணும் கைவிட்டது.

ஓட்டலிலிருந்து விரிப்புகள் திரும்பி வந்தன. ஒரே மூலையில் மடிப்பு.

விசில் ஊதியே வேலை வாங்குவதால் 'விசில்' என்று பெயர் வாங்கிய மேஸ்திரி, ரோலரின் மறுபுறம், துணி வெளியே வரும் பக்கம் போய் நின்று பார்த்தார்.

"இடது மூலைதான் சுருட்டிக்கிது. ஏம்மா குண்டூசி, வாயை மூடிட்டு வேலை பார்த்தா என்ன?"

"நான் என்ன வாயாலயா சார் துணி விடுறேன்?"

"இன்னொரு கட்டு திரும்பி வந்தா நாளைக்கு உன் இடத்துல வேற ஆள்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் எதிரே நிற்கிறார். அவருக்கு இடது என்றால் இவர்களுக்கு வலது. வாயைத் திறந்தால் தன் வேலை போகும். திறக்காவிட்டால் குண்டூசியின் வேலை போகும். குண்டூசியை நம்பி இரண்டு பிள்ளைகள். இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு முறை கழிவறைக்குப் போய்வந்தாள். அடுத்த விரிப்பைக் கையில் எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"சார்," என்றாள். "இங்கிட்டு வந்து நின்னு பாருங்க. அது என் மூலை."

வந்து நின்று பார்த்தார். "இத்தனை வருஷம் ஒழுங்காத்தானே விட்ட?"

"விரல்ல உணர்ச்சி இல்ல சார். நரம்பு வியாதி. சூடு ஏறினா கண்ணும் மங்குது."

"பார்த்தா கல்லு மாதிரி இருக்க!"

"கல்லுக்கும்தான் உணர்ச்சி கிடையாது" என்றாள் குண்டூசி. யாரும் சிரிக்கவில்லை. குண்டூசி இவள் பக்கம் திரும்பினாள். "ஏன்க்கா, பக்கத்துலயே நிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

குண்டூசி யோசித்தாள். "மாட்டேன். மத்தியானமானா மகாராணிக்கு மயக்கம்னு நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கேன்."

விசில் அடுத்த மெஷின் பக்கம் நகரப் பார்த்தார். வாழ்க்கையில் யாரிடமும் எதுவும் கேட்டறியாதவள், கேட்டுவிட்டாள்: "விடிகாலையிலயே வந்து, கூடம் சூடாகறதுக்குள்ள என் வேலையை முடிச்சிடறேன் சார். ஜன்னலோர மேசையைக் குடுங்க. உட்கார்ந்து அழுக்குத் துணி பிரிக்கிறேன்."

"டாக்டர் சீட்டு கொண்டா. பார்க்கலாம்."

சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது விடிகாலை ஐந்திலிருந்து பதினொன்று வரை ஜன்னலோரம் வேலை. கழுத்தில் ஈரத்துண்டு, அருகில் முக்காலி. ரோலரில் குண்டூசியோடு வேறொருத்தி நிற்கிறாள். போன வாரத்திலிருந்து வலது பாதமும் மரத்துப்போகிறது. அதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள், விசிலிடம் இன்னும் சொல்லவில்லை.