மூன்றாவது எலுமிச்சம்பழம் யாருடையது

இது முழுக்க முழுக்க உண்மைக் கதை என்று மூலக்குளம் டீக்கடையில் சத்தியம் செய்துதான் ஆரம்பித்தேன். ஒரு வாய் டீ உள்ளே போனதும் மனசு கேட்கவில்லை. பாதி உண்மை, மீதிக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். கதைக்குச் சொந்தக்காரர் கலியமூர்த்தி எதிர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஓர் ஆள் இடம் விட்டு, நாகராஜ்.

கலியமூர்த்திக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். கண்ணாடி பார்த்தால், உள்ளே நிற்பவன் எந்த ஊர் என்று விசாரிப்பார். சேதராப்பட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. நடுவில் ரப்பர் வைத்து ஒட்டிய இரும்புப் பட்டையின் ஒரு முனையை இறுக்கிவிட்டால் மெஷின் அதை உலுக்கும். தாளமில்லாத உலுக்கல், பஸ் ஸ்டாண்டு கூச்சல் மாதிரி. அந்தக் கூச்சலில் தனக்குப் பிடித்த அதிர்வை மட்டும் பொறுக்கிக்கொண்டு பட்டை ஆடும். ரப்பர் அந்த ஆட்டத்தை விழுங்கும். மிச்ச ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும். கோடு ஒழுங்காக வந்தால் கலியமூர்த்தி பர்மனென்ட்.

2006 ஆயுத பூஜை முடிந்த கையோடு, அதே வேலைக்குக் காத்திருந்த நாகராஜ் மெஷினைப் பார்த்து, "நல்லாத்தான் ஆடுதுண்ணே" என்றான். கண் பட்டுவிட்டது என்று கலியமூர்த்தி பட்டையின் நுனியில் ஓர் எலுமிச்சம்பழம் கட்டினார். மறுநாளே கோடு இடம் மாறியது. எல்லாம் நாகராஜ் கண்தான் என்று இன்னொன்று கட்டினார், தேங்காய் அளவு.

"எலுமிச்சம்பழம் தேங்கா அளவா?" என்றார் டீ மாஸ்டர்.

"மீதிக்கு நான் பொறுப்புன்னு சொன்னேனே."

கோடு இன்னும் நகர்ந்தது. இன்ஜினியர் அமிர்தவல்லி வந்து, "மெஷின்ல யாராவது கை வச்சீங்களா?" என்று கேட்டார்.

"சாமி சத்தியமா இல்ல மேடம்."

பொய் சொல்லவில்லை. பழம் தொங்காத மெஷினே அங்கே கிடையாது. பழம் கட்டுவதைக் கை வைப்பதாக யாரும் நினைப்பதில்லை. மேடம் கண்ணிலும் அது படவில்லை.

ஒருநாள் உலுக்கலில் நூல் அறுந்து பழங்கள் மேடம் காலடியில் உருண்டன. கோடு பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"நுனியில இவ்ளோ கனத்த கட்டுனா ஆட்டம் மாறாம என்ன பண்ணும்?" என்று குனிந்து பொறுக்கினார். மூன்று பழம்.

"நான் கட்னது ரெண்டுதான் மேடம்."

"அப்ப மூணாவது யாருது? அது தெரியிற வரைக்கும் இங்க யாருக்கும் பர்மனென்ட் கிடையாது."

இன்னும் தெரியவில்லை என்று நான் முடிப்பதற்குள் கலியமூர்த்தி கிளாசைக் கீழே வைத்தார்.

"நாகராஜி, அது உன்னுதுதானே?"

"ரெண்டு கட்ன ஆளுக்கு மூணு கட்டத் தெரியாதா?"

"எனக்கு எண்ணத் தெரியலன்றியா?"

"எண்ணத் தெரியுது. ஒத்துக்கத்தான் தெரியல."

டீ மாஸ்டர் நாகராஜ் பக்கம் பேசினார். ஓரமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் கலியமூர்த்திக்குப் பரிந்து எழுந்தார். பெஞ்சு கவிழ்ந்தது.