நகம் தெரியாத தண்ணீர்

பேண்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவான். மீன் துள்ளுகிறதா என்று பார்க்க மாட்டான், குனிந்து தன் காலையே பார்ப்பான். கணுக்கால் தெரிய வேண்டும், கால் நகம் தெரியக் கூடாது. அதுதான் துலுக்கானத்தின் கணக்கு. “நகம் தெரிஞ்சா மீனு நம்மளப் பாத்துடும். கணுக்காலே தெரியலன்னா நாம போட்றத மீனு பாக்காது. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு கீது பாரு, அதான் தண்ணி” என்பான்.

துலுக்கானம் என் ஓரகத்தி மங்கையின் கூடப்பிறந்த தம்பி. ஆவடி டாங்கி ஃபாக்டரியில் லேத் மிஷின் வேலை, குடியிருப்பு நெமிலிச்சேரி. கூவம் என்றதும் பட்டணத்து ஜனங்கள் மூக்கைப் பொத்துவார்கள். அவர்கள் பார்த்தது அதன் வாலை. எங்கள் பக்கத்தில் அது மணல்மேல் ஓடுகிற ஆறு.

எல்லாரும் புழு குத்தித் தூண்டில் போட்டால் இவன் கோழி இறகு கட்டிப் போடுவான். ஃபாக்டரி வேலையாக ஒருதரம் மலைமேல் இருக்கிற அருவங்காட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே மலை ஓடையில் டிரவுட் என்று ஒரு மீனாம், தண்ணீர்மேல் உட்காருகிற பூச்சியை எம்பிப் பிடிக்குமாம். இறகிலே பூச்சி செய்து, சாட்டை வீசுகிற மாதிரி வீசி அதை ஏமாற்றுவதைப் பார்த்துவிட்டு வந்தான். வர்க்கியும் தைலமும் வரும் என்று காத்திருந்த அவன் பெண்டாட்டி தாட்சாயிணியின் முன்னால் ஒரு தூண்டில் கழியோடு வந்து நின்றான். இங்கே டிரவுட் ஏது? இருக்கிற கெண்டைக்கு அந்தப் பழக்கத்தைப் பழக்கிவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

சேவலின் கழுத்து இறகைத் தையல் நூலால் முள்ளில் சுற்றினால் அசல் ஈசல்தான். பக்கத்து வீட்டு ஞானசௌந்தரியின் சேவல் இவன் நிழலைக் கண்டாலே கூரை ஏறிவிடும். “அண்ணாத்தே, கிறிஸ்மஸுக்கு நான் உரிக்கறதுக்குள்ள நீயே உரிச்சிட்டியே!” என்று கத்துவாள். “ரெண்டே ரெண்டு இறகும்மா” என்பான். அந்தச் சேவலுக்குக் கழுகுக் கழுத்து வந்து வெகு நாளாயிற்று.

ஆடியில் ஆறு குட்டை குட்டையாக நிற்கும். அப்போது கழியைத் தொட மாட்டான். “மாட்டிக்கினு முழிக்கறதப் புடிக்கறது இன்னா வீரம்?” ஐப்பசியில் காவி வெள்ளம், கார்த்திகையிலும் கலங்கல். மார்கழிப் பனிக்கு மீன் அடியிலேயே படுத்துக்கிடக்கும். தை பிறந்து வாடை ஓய்ந்து, முதுகில் வெயில் உறைக்கிற நேரத்தில்தான் தண்ணீர்மேல் பூச்சி பறக்கும், கெண்டை எம்பும். அது மாசிப் பாதி வரைக்கும். பங்குனியில் தண்ணீர் சுண்டினால் இவன் மறுபடி மனுஷனாகிவிடுவான். நம் ஜனங்கள் கல்யாணம் காட்சி வைப்பதும் தையில்தானே. வினை அங்கேதான் வந்தது.

எண்பத்தாறு தையில் தாட்சாயிணியின் ஒரே தம்பி வரதனுக்குத் திருமுல்லைவாயிலில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக் காரில் பக்கத்தில் உட்கார வேண்டியவன் அக்கா புருஷன். கார் நின்றது, மேளம் நின்றது, ஆளைக் காணோம். ஊர்வலம் முடிந்து எல்லாரும் மண்டபத்தில் உட்கார்ந்த பிறகு, சொட்டச் சொட்ட நனைந்த பேண்ட்டோடு, ஈர்க்கில் கோத்த கெண்டைச் சரத்தைத் தூக்கிக்கொண்டு மேடைக்கே வந்தான். “மச்சான், அத்தினியும் ஒனக்குத்தான்!” பெண் வீட்டார் மூக்கையும் பொத்தினார்கள், சிரிப்பையும் பொத்தினார்கள். வரதன் முகம் கறுத்துப்போனது. அன்றோடு பேச்சு நின்றது.

எங்களில் தாய்மாமன் மடியில் உட்காராத பிள்ளைக்குக் காது குத்த மாட்டார்கள். துலுக்கானத்தின் மகள் வரலட்சுமிக்கு மூன்றில் குத்த வேண்டிய காது ஐந்திலும் மூளியாகக் கிடந்தது. நானும் மங்கையும் போய் வரதனைக் கேட்டோம். “கோயிலுக்கு வரேன். அன்னிக்கு அந்த ஆளு ஆத்துல கால வெச்சான்னா, சீரோட திரும்பிடுவேன். அப்புறம் அக்காவும் இல்ல, கொயந்தையும் இல்ல” என்றான்.

அவர்கள் குலசாமி கன்னியம்மன் ஆற்றங்கரையில் இருக்கிறாள். சாமியை நகர்த்தவா முடியும்? தை மாதத்து ஞாயிறு, வாடை இல்லை, நல்ல வெயில். வந்த சனம் சாமியைப் பார்க்கவில்லை, துலுக்கானத்தின் காலைப் பார்த்தது. அவன் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நட்ட கல் மாதிரி நின்றான். பின்னால் ‘தளக்’ என்றது. மறுபடி ‘தளக்’.

“அக்கா, தண்ணி எப்பிடி கீதுன்னு பாத்து சொல்லேன்” என்று மங்கையின் காதைக் கடித்தான்.

“மூடிக்கினு சாமிய கும்புட்றா!”

காது குத்த வந்த பத்தர் கம்பியை ஏற்றினார். வரதன் மடியில் பிள்ளை வீறிட்டது. தூக்கி ஆட்டியும் அடங்கவில்லை. “அங்க பாருடா கண்ணு, மீனு!” என்று ஆற்றைக் காட்டினான். காட்டினவன் தானும் பார்த்தான். வெயிலில் வெள்ளிக்காசு மாதிரி ஒன்று எம்பி விழுந்தது. பிள்ளை விசும்பலோடு, “எனக்கு அது வோணும்” என்றது.

“யோவ் மாமா!”

கூட்டம் முழுக்கத் திரும்பி வரதனைப் பார்த்தது. ஐந்து வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு.

“அது இன்னா மீனு?”

“எது மச்சான்? நான் இந்தாண்ட திரும்பிகினு கீறேன்” என்றான் துலுக்கானம், தலையைத் திருப்பாமலே.

வரதனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. “திரும்புய்யா சும்மா! கழி எங்க?”

பொங்கல் பானைகளுக்குப் பின்னாலிருந்து தாட்சாயிணி அதை உருவினாள். “ஊட்ல உட்டா அது பின்னாலயே ஓடிப்பூடுவாருன்னு என் காவல்ல வெச்சிக்கினு வந்தேன்.”

“குடு. தாய்மாமன் நான் கீறேன், நானே புடிச்சிக் குட்க்கறேன்” என்று சீர் வேட்டியோடு இறங்கினான் வரதன். முதல் வீச்சில் முள் அவன் துண்டைப் பிடித்தது, இரண்டாவதில் கரை நாணலைப் பிடித்தது. கரையில் ஒரே சிரிப்பு. அந்தக் கழியை அடுத்தவர் தொட விட்டதே இல்லை துலுக்கானம். இப்போது பின்னாலேயே இறங்கினான். அப்படி வீசு, இப்படி வீசு என்று வாயைத் திறக்கவில்லை. மச்சானின் ஜரிகை வேட்டி நனையாதபடி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு முட்டியளவு தண்ணீரில் நின்றான்.