மூர்கெனின் படம் ஓடிய ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் ஊட்டியில் மழையில் மாட்டிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒதுங்கி நின்றபோது பக்கத்தில் ஒருவருடைய நனைந்த ஸ்வெட்டரிலிருந்து அந்த வாசனை வந்தது. ஈரக் கம்பளி வாசனை. கொஞ்சம் ஆட்டு வாடை, கொஞ்சம் சோப்பு, அடியில் ஏதோ சாம்பல் மாதிரி ஒன்று. நான் திருப்பூர்க்காரன். பிறந்ததிலிருந்து என் மூக்குக்குப் பருத்திதான் பழக்கம். கம்பளியை முகர்ந்து வாழ்ந்தது ஒரே ஊரில்தான். அதையே நினைத்துக்கொண்டு நின்றதில் அவர் தோள் வரைக்கும் மூக்கை நீட்டிவிட்டேன் போலிருக்கிறது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நாலடி தள்ளிப்போய் நின்றார்.

அந்த ஊர் மொரீஷியஸ். வெயில் காயும் தீவில் கம்பளிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஐரோப்பாக்காரர்களின் குளிருக்கு அங்கே ஸ்வெட்டர் பின்னினார்கள். கரும்புக்காட்டை ஒட்டி ஆலைக்கு மேல் ஆலை முளைத்த காலம் அது. கடற்கரையில் அதே வேகத்தில் ஓட்டல்கள். உள்ளூர் ஆள் போதாமல் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் நிட்டிங் மெஷின் ஃபிட்டராகப் போனேன். விமானத்தில் கொடுத்த ஈரத் துண்டை இட்லி என்று நினைத்துப் பிரித்தவன் நான்; அதைப் பற்றி இன்னொரு சமயம் பேசலாம்.

காத்ர் போர்ன் ஊரில், சந்தைக்குப் பின்னால், வசந்தி அக்கா வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். அக்காவின் முன்னோர் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த தமிழர்கள். வீட்டில் பேசுவது கிரியோல். தமிழில் அவருக்கு மிஞ்சியிருந்தவை உறவுமுறைகளும் கோயில் பாட்டுகளும்தான். பாட்டுகளுக்கு அர்த்தம் தெரியாது; ஒரு எழுத்துகூடப் பிசகாமல் பாடுவார். என்னைத் தம்பி என்பார். "தம்பி, மான்ஸே பாரே" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தால் சாப்பாடு தயார். நான் கிரியோல் பழகியதே அந்தச் சாப்பாட்டுக் குரலில்தான்.

கணவர் இறந்துபோய் அக்காவுக்கு இருந்தது ஒரே மகன், மூர்கென். முருகன்தான். பிறப்புப் பதிவில் பிரெஞ்சு எழுத்துக்குள் போய் மூர்கென் ஆகி வெளியே வந்துவிட்டான். இருபதைக் கொஞ்சம் தாண்டிய வயது, தோளைத் தொடும் முடி. எங்கள் ஆலையிலேயே வேலை. சனிக்கிழமைகளில் ரிவியேர் டு ராம்பார் பக்கம் ஒரு கடற்கரை ஓட்டலில் பூப்போட்ட சட்டை மாட்டிக்கொண்டு சுற்றுலாக்காரர்கள் பார்க்கும் சேகா என்ற உள்ளூர் ஆட்டத்துக்கு டிரம்ஸ் வாசிப்பான். ஆனால் அவன் உயிர் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்தான் இருந்தது. அங்கே அவனும் கிட்டார் வாசிக்கும் ழான்-நோயெல் என்ற நண்பனும் இன்னொரு பையனும் ஹெவி மெட்டல் வாசித்தார்கள்.

முதல் தடவை கேட்டபோது நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். எங்கோ ஒரு பெரிய மெஷினில் பேரிங் உடைந்துவிட்டது, யாராவது சுவிட்சை அணைக்கவேண்டும் என்றுதான் தோன்றியது. கொட்டகைக் கதவைத் திறந்தால் மூன்று பேரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். "மாமா, இது பாட்டு" என்றான் மூர்கென், ரொம்பப் பொறுமையாக.

அக்காவுக்கும் அவனுக்கும் அப்போது ஓயாத சண்டை. கூப்பிட்டால் வரமாட்டான். கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டான். "முடி வளந்துச்சு, திமிரும் வளந்துச்சு" என்பார் அக்கா, கிரியோலில். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆலையில் அவனிடம் ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்த இரைச்சலில் நாங்கள் எல்லோருமே வாயசைவைப் பார்த்தும் கையைக் காட்டியும்தானே பேசிக்கொண்டோம்.

ஓடீல் என்ற பிரெஞ்சுக்காரி ஓட்டலுக்கு விடுமுறைக்கு வந்தவள். படம் எடுப்பது அவள் தொழில். பூச்சட்டைக்காரன் வீட்டில் வேறு மாதிரி வாசிக்கிறான் என்று தெரிந்ததும் காமிராவோடு திரும்பி வந்துவிட்டாள். சில வாரங்கள் எங்கள் வாசலிலேயே கிடந்தாள். கொட்டகை, ஆலை கேட், கரும்புக்காடு, அக்கா துணி காயப்போடும் கொடி, எதையும் விடவில்லை. மறு வருஷம் படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர் மண்டபத்தில் போட்டார்கள். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு யாராவது தங்களைப் பிரான்சுக்குக் கூப்பிடுவார்கள் என்று ழான்-நோயெல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். மூர்கென் சொல்லவில்லை. ஆனால் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டதை நான் பார்த்தேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. ஆலைப் பெண்கள், கோயில் நிர்வாகிகள், ஓட்டல் மேனேஜர், அக்கம்பக்கம் எல்லோரும் வந்திருந்தார்கள். அக்கா தைப்பூசத்துக்குக் கட்டும் புடவையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நான். பையன்கள் மூவரும் முதல் வரிசையில்.

ஆரம்பத்தில் அங்கே யாரும் படம் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆலை கேட் வந்ததும் பெண்கள் கூவினார்கள். "அது நான், அந்தக் குடை நான்" என்று ஒருத்தி எழுந்தே விட்டாள். அக்காவின் துணிக்கொடி வந்ததும் மண்டபமே சிரித்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொட்டகையில் முதல் பாட்டு தொடங்கியதும் கோயில் பெரியவர் ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே போனார். அதற்கும் சிரிப்பு. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. கொட்டகையில் மூர்கென் காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிரம்ஸில் மாட்டிய சிம்பல் தட்டின் திருகை முடுக்கிக்கொண்டிருக்கிறான். காமிராவுக்குப் பின்னாலிருந்து ஓடீலின் குரல் கேட்கிறது. ஏன் இவ்வளவு சத்தமாக வாசிக்கிறாய்? பதில் இல்லை. மறுபடி கேட்கிறாள். அவன் பாட்டுக்குத் திருகுகிறான். மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது. "வெள்ளைக்காரியையே மதிக்கமாட்டேங்கிறான் பாரு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவள் மூன்றாவது தடவை உரக்கக் கேட்கிறாள். அப்போது அவன் தற்செயலாகத் திரும்புகிறான். அவள் வாய் மூடுவதை மட்டும் பார்த்துவிட்டு, சிரித்தபடி, "ஆமா, நாளைக்கும் வருவோம்" என்கிறான்.

மண்டபம் வெடித்துவிட்டது. கைதட்டினார்கள், காலால் தரையை உதைத்தார்கள். நானும் சிரித்தேன். முதல் வரிசையில் மூர்கென் திரும்பி எங்கள் எல்லோருடைய முகங்களையும் பார்த்தான். பார்த்து முடித்த பிறகுதான் அவனும் சிரித்தான்.

பக்கத்தில் அக்கா சிரிக்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. மகனின் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் மெதுவாக. "லி பா தாந்தே."

அவனுக்குக் காது கேட்கவில்லை என்கிறார். எனக்கு உடனே புரியவில்லை. "படம் சத்தமா இருக்கு அக்கா" என்றேன். என் புத்தி அவ்வளவுதான்.

அக்கா, "மூர்கென்" என்று கூப்பிட்டார். சாதாரணமாக, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. அவன் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். யாரோ 'உஷ்' என்றார்கள். திரையில் இப்போது மூர்கென் பெரிய டிரம்மின் மரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தான். இப்படி வைத்தால்தான் நல்லா வரும் என்று ஓடீலிடம் சொன்னான். அதை ஏதோ பெரிய கலைஞனின் பேச்சு என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். அக்கா எழுந்து நின்றார். இரண்டு வரிசைக்குப் பின்னாலிருந்து, கோயிலில் பாடிப் பழகிய அந்தத் தொண்டையின் முழுப் பலத்தோடு மகன் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

கைதட்டல் நின்றுவிட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. ழான்-நோயெல் திரும்பினான். ஓட்டல் மேனேஜர் திரும்பினார். ஓடீல் புரொஜெக்டர் பக்கத்திலிருந்து எழுந்தாள். அத்தனை தலைகளும் அக்காவைப் பார்க்க, ஒரே ஒரு தலை மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரையில் அவனே சிரித்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் எல்லோரும் திரும்பியிருப்பதைக் கண்டபிறகுதான் அவன் திரும்பினான். அம்மா நிற்பதைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான். என்ன நடந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போகவில்லை. மறுபடி திரைப்பக்கம் திரும்பி, முதுகை நேராக வைத்துக்கொண்டு, படம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். மீதிப் படத்துக்கு யாரும் சிரிக்கவும் இல்லை, தட்டவும் இல்லை. அந்த இரைச்சல் பாட்டுகள் ஒவ்வொன்றாக ஓடின. ஜனம் பிரார்த்தனைக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அக்கா ஓய்ந்து உட்காரவே இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி, பிறகு தனியார் டாக்டர். காதில் பூண்டெண்ணெய். ரோஸ் பெல்லில் யாரோ கயிறு மந்திரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மழையில் அங்கே ஓடினார். தைப்பூசத்தில் அவரே காவடி எடுத்தார். வெறுங்காலில் தார்ச்சாலையில் நடந்து கொப்புளத்தோடு வந்து நின்று, வீட்டு வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த மகனை ஒரு தடவை மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நரம்பு சம்பந்தப்பட்டது, முன்பே குறை இருந்திருக்கவேண்டும், ஆலைச் சத்தமும் டிரம்ஸும் சேர்ந்து சீக்கிரமாக்கிவிட்டன என்றார்கள் டாக்டர்கள். ஓட்டலில் நல்ல வார்த்தை சொல்லியே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பாரிசிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

நான் லீவில் ஊருக்குப் புறப்பட்டபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தியா பெரிய டாக்டர். கூட்டிப் போ தம்பி." அவரிடம் இருந்த தமிழ் மொத்தத்தையும் திரட்டிச் சொன்ன மாதிரி இருந்தது.

கூட்டிக்கொண்டு வந்தேன். சென்னையில் டாக்டர் நல்ல மனிதர், நேரம் எடுத்துப் பார்த்தார். மிச்சமிருப்பதும் போய்விடும், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். மூர்கென் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "எப்ப தெரிஞ்சுச்சு உனக்கு?" என்று கேட்டேன், அவன் முகத்துக்கு நேராக நின்று. "முதல்ல மழை போச்சு மாமா. கொட்டகைத் தகரத்துல மழை பேயுறது. ஒருநாள் வெளிய வந்து பாத்தா முற்றம் நனைஞ்சு கிடந்துச்சு" என்றான்.

அக்காவுக்குச் சொல்லவேண்டும். போன் பூத்துக்குப் போனோம். அவனே பேசுவதாகச் சொன்னான். லைன் கிடைத்ததும் அவன் கையில் கொடுத்தேன். நானும் குனிந்து ரிசீவருக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டேன். அவன் கொஞ்சம் அதிகச் சத்தமாகப் பேசினான். "அம்மா, டாக்டர் மருந்து கொடுத்துட்டார். இப்பவே கொஞ்சம் பரவாயில்ல. நீங்க பேசறது நல்லா கேக்குது."

அக்கா, "சாப்பிட்டியா?" என்றார்.

"ஆமா, திங்கக்கிழமை ஏறிடுவோம்" என்றான் அவன்.

கடல் இரைகிற மாதிரி கம்பி இரைந்தது. பிறகு அக்கா பேசத் தொடங்கினார். கிரியோலில், நிறுத்தாமல். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, ழான்-நோயெல் வந்து விசாரித்தது, கொடியில் அவன் சட்டை இன்னும் காய்ந்துகொண்டிருப்பது. கேள்வி எதுவும் கேட்கவில்லை. இடையிடையே குரல் உடைந்தது, இருமிச் சரிசெய்துகொண்டார். மூர்கென் கண்ணாடிக்கு வெளியே போகும் வண்டிகளைப் பார்த்தபடி, தோராயமான இடங்களில், "ஆமாம்மா, ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வைத்த பிறகு, "நம்பிட்டாங்களா?" என்று என்னைக் கேட்டான். நம்பிவிட்டார்கள் என்று தலையாட்டினேன்.

என் ஒப்பந்தம் முடிந்து நான் திருப்பூர் திரும்பி வெகுகாலம் கழித்து, ஒரு மெஷின் வேலையாக மறுபடி அந்தத் தீவுக்குப் போனேன். எங்கள் ஆலை மூடிக் கிடந்தது; மெஷின்களை மடகாஸ்கருக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அக்கா வீடு இருந்த இடத்தில் மாடிக் குடியிருப்பு. ழான்-நோயெல் பக்கத்துத் தீவான ரெயூனியனில் டிரைவர். அக்கா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மூர்கென் ரோஸ் பெல்லுக்கு வெளியே, மனைவியின் வீட்டில், ஆந்தூரியம் பூ வளர்த்துக்கொண்டிருந்தான். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தான். காது முழுசாகப் போய்விட்டது. பேச்சும் மழுங்கியிருந்தது, கவனித்துக் கேட்டால் புரியும். என் உதட்டைப் படித்துச் சிரித்தான். டீ கொடுத்தான். பூக்களுக்கு மேல் கட்டியிருந்த நிழல்வலையைக் காட்டினான்.

கிளம்பும்போது வேலி வரைக்கும் வந்தான். ஏதோ கேட்கத் தயங்குகிறான் என்று தெரிந்தது. தான் வாசித்த பாட்டெல்லாம் தலைக்குள் அப்படியே ஓடுகிறது, ஒரு அடிகூட மறக்கவில்லை என்றான். பிறகு கேட்டான்: "மாமா, அம்மா குரல் எப்படி இருக்கும்?"

நான் சொல்லப் பார்த்தேன். கொஞ்சம் கரகரப்பு இருக்கும் என்றேன். கனமான குரல் என்றேன். அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டு, இன்னும் வரும் என்று காத்திருந்தான். பிறகு என் தோளைத் தட்டிவிட்டுப் பூக்களுக்குத் தண்ணீர் விடப் போனான்.