நியான் விளக்கும் மாதா பாட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், மாதா கோயிலில் வைத்து, ஒரு பாட்டைக் கொலை செய்யப் பார்த்தேன். கோயில் நிறையச் சாட்சிகள். தப்பிக்க வழியில்லை. ஆகவே நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ராயபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன மாதா கோயில். அதன் பாட்டுக் குழுவுக்குத் தலைவர் ஆரோக்கியம் — துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அதற்கு முந்தின திங்கட்கிழமை அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பொழுதுபோக்காக ரேடியோ நோண்டுகிற என் வீட்டுக்கு வந்தார். கூடவே பிலோமினா. தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண், நல்ல குரல்.

"ஆர்மோனியத்துத் துருத்திய எலி கட்ச்சி வெச்சிட்ச்சி சார்," என்றார் ஆரோக்கியம். "ரிப்பேருக்குப் போனா ஒரு மாசம் ஆவுமாம். ஞாயித்துக்கெழம இந்தப் பொண்ணு மொத மொதல்ல தனியாப் பாடப் போவுது. பேஜாராப் பூட்ச்சி."

"ஒரு மாசம் கழிச்சுப் பாடினா என்ன?"

பிலோமினா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு கப்பல்ல கீறாரு அண்ணே. லீவுல வந்துகீறாரு. வர்ற திங்கக்கெழம ஏறுனா, திரும்பி வர ஒம்போது மாசம் ஆவும். நான் பாடி அவரு ஒரு தபா கூடக் கேட்டதில்ல."

எனக்கு மனசு இளகிவிட்டது. இளகியதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் மேஜை மேல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை கிடந்ததே! மின்சார இசைப் பெட்டியை நீங்களே செய்யலாம் என்று படம் போட்டு விளக்கியிருந்தான். வால்வு ஒன்று, நியான் விளக்கு ஒன்று, கண்டென்சர் ஒன்று, திருகிக் கூட்டிக் குறைக்கிற ரெசிஸ்டன்ஸ் எட்டு. விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மின்னி மின்னி அணையும். அந்தத் துடிப்பை ரேடியோப் பெட்டிக்குள் விட்டால் சுரமாகக் கேட்கும். எட்டு ரெசிஸ்டன்ஸுக்கு எட்டு சுரம். முடிந்தது வேலை!

"எலி கடிக்காத ஆர்மோனியம் ஒண்ணு நான் செஞ்சு தரேன்," என்றேன்.

வண்ணாரப்பேட்டையில் காசிம் பாய் கடை. யுத்தத்துக்குப் பிறகு ராணுவம் ஏலம் விட்ட சாமான்களை மலையாகக் குவித்து வைத்திருப்பவர். அதற்கு முன் ஒரு மில்லில் வயர்மேன். நியான் விளக்கைத் துடைத்துக் கொடுத்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம காலையில, கோயிலுக்குப் போறதுக்கு முன்ன, வூட்ல ஒரு தபா போட்டுப் பாத்துக்கோ சார்," என்றார்.

"எதுக்கு பாய்? சனிக்கிழமை பாடற சரிகம ஞாயித்துக்கிழமை வேற மாதிரி பாடுமா?"

"சொன்னேன், அவ்ளோதான்," என்று பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். பி.எஸ்ஸி. படித்தவனுக்கு வயர்மேன் புத்தி சொல்வதா? சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

ஆபீஸ் விட்டு வந்ததும் தினமும் இதே வேலை. ஈயம் பற்றவைத்து விரலைச் சுட்டுக்கொண்டேன். சுரத்துக்கு ஒன்றாக எட்டுக் காலிங்பெல் சுவிட்சுகள். ஆரோக்கியம் தன் மவுத் ஆர்கனை ஊத ஊத, நான் ரெசிஸ்டன்ஸ்களைத் திருகித் திருகிச் சுரம் சேர்த்தேன். மவுத் ஆர்கன் இருக்கும்போது, அதையே கோயிலில் ஊதிவிட்டுப் போவதற்கென்ன? என் மனைவியும் இதைத்தான் கேட்டாள். விஞ்ஞானம் தெரியாதவர்களிடம் என்ன பேசுவது என்று அடுத்த ரெசிஸ்டன்ஸைத் திருகப் போய்விட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. பிலோமினா பாட, நான் சுவிட்சு அழுத்த, குரலும் பெட்டியும் இழைந்து போயின.

"ஆர்மோனியத்தவிட ஷோக்கா கீது அண்ணே!" என்றாள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை — அவ்வளவு பெருமை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மில் சங்கு ஊதவில்லை. தெரு நிம்மதியாக இருந்தது. கோயிலில் பெட்டிக்கும் ரேடியோவுக்கும் கனெக்‌ஷன் கொடுத்தேன். பல்புகளெல்லாம் ஜகஜ்ஜோதியாக எரிந்தன. மாதாவின் அருள் என்று நினைத்துக்கொண்டேன். முன்வரிசையில் பிலோமினாவின் புருஷன் — இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை.

பூசை முடிந்தது. மாதா பாட்டு. முதல் சுவிட்சை அழுத்தினேன்.

பெட்டி வீரிட்டது!

நேற்று 'ச' இருந்த இடத்தில் இன்று 'க' நின்றுகொண்டிருந்தது. எட்டுச் சுரமும் தங்களுக்குள் சண்டையில்லாமல், ஒற்றுமையாக, மேலே ஏறிப் போயிருந்தன. குழுவும் கூடவே ஏறியது. வேறென்ன செய்யும்? ஆரோக்கியத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்தில் நின்றவர் பாதியில் இருமத் தொடங்கினார். சரணத்தின் உச்சிக்கு வந்தபோது பாடுகிறவர்கள் ஒருவருமில்லை. பெட்டி மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

அடுத்தது பிலோமினாவின் தனிப் பாட்டு. அவள் முகம் வெளுத்துவிட்டது. புருஷனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்பது மாதம் கடலில் அந்த மனிதர் நினைத்துக்கொள்ளப் போவது இந்தக் கூச்சலையா? சரி செய்யலாம் என்றால் எட்டையும் திருக வேண்டும்... எங்கே திருகுவது?

"அண்ணே," என்றாள் மெதுவாக. "அத்த நிறுத்திடுங்க."

நிறுத்தினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தன் குரலுக்கு எது வசதியோ அந்த இடத்திலிருந்து தானே ஆரம்பித்தாள். வாத்தியம் இல்லை, துணைக்குரல் இல்லை. அழுத குழந்தை கூட ஓய்ந்துவிட்டது. கடைசி அடிக்கு வந்தபோது அவள் புருஷன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது — நானும் அழுதேன்.

அன்று மத்தியானமே காசிம் பாயிடம் போய், விளக்கு சரியில்லை என்று சண்டை பிடித்தேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடத் தேவலை.

"வார நாள்ல மில்லு மோட்டாரெல்லாம் ஓடிகினு கீது சார். கரண்ட்ட அதுங்க இஸ்துக்கும். நம்ம வூட்டு பல்பு அழுது வடியும். ஞாயித்துக்கெழம மில்லு லீவு. கரண்ட்டு ஃபுல்லா வரும். உன் வெளக்கு இன்னா பண்ணும், பாவம்? ஜோரு தாங்காம கத்திட்ச்சி. அத்தத்தான் அன்னிக்கே சொன்னேன்."

வோல்டேஜ் ஏறினால் விளக்கின் துடிப்பும் ஏறும், சுரமும் ஏறும் என்று அந்தப் பத்திரிகையிலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதை எழுதியவன் ஊரில் வாரம் ஏழு நாளும் ஒரே கரண்ட்டு போலிருக்கிறது. அதனால் பொடி எழுத்து போதும் என்று விட்டுவிட்டான். திருவொற்றியூர் வரை புகைபோக்கிகள் நிற்கிற இந்தப் பக்கத்தில் கரண்ட்டுக்குக் கிழமை உண்டு என்பது எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? ஆனால் நம்மில் பலருக்கும் இதே வியாதிதான் — எங்கோ அச்சடித்ததை நம்புவோம். தலைக்கு மேலே எரிகிற பல்பை நிமிர்ந்து பார்க்க மாட்டோம்.

திங்கட்கிழமை காலை. புருஷனைக் கப்பலேற்றிவிட்டு வந்த பிலோமினா என் வீட்டு வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது. மில் லீவு நாளில் கரண்ட்டு ஏறிய கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த வுடுங்க அண்ணே. அவரு போறப்ப அந்தப் பாட்டத்தான் முணுமுணுத்துகினே போனாரு," என்றாள். இரண்டு அடி நடந்தவள் திரும்பி வந்தாள். "அண்ணே... அடுத்த ஞாயித்துக்கெழமயும் மில்லு லீவுதானே?"

"ஆமாம்மா. ஏன்?"

"அப்ப பொட்டிக்கும் லீவு குடுத்துடுங்க!"