கண்ணாட்டமும் காணிக் கச்சேரியும்

ஒரு சொல்லின் பிறப்பைச் சரியாகச் சொன்னவன், அதனால் விளைந்த தீங்குக்கும் பொறுப்பாளியா? துணுக்காய்ப் பக்கத்துப் பாடசாலையொன்றில் நான் விஞ்ஞானம் படிப்பித்த நாட்களில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

குளத்தின் கீழ் திருத்தப்பட்ட புதிய வயல்களைப் பகிர்ந்தளிக்கும் காணிக் கச்சேரி எங்கள் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. விண்ணப்பித்தவர்களை ஊரார் முன்னிலையில் ஒவ்வொருவராக விசாரிப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியோடு வந்திருந்த ஒருவரின் கருவிழிகள் ஓயாமல் பக்கவாட்டில் ஆடின. அவர் நீட்டிய வைத்தியர் துண்டில் ‘பிறவிக் குறை, நிஸ்டாக்மஸ்’ என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது.

“மாஸ்டர், இதென்ன சாமான்?” என்று காணி அதிகாரி என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரிந்த சொல். பட்டம் பெற்ற பெருமையும் புதிது. “கிரேக்கச் சொல், ஐயா. நித்திரை தூங்கித் தலை சாயிறதைக் குறிக்கிறது” என்றேன். தூங்குபவரின் தலை மெல்லச் சாய்ந்து வெடுக்கென நிமிர்வதுபோல் கண் அசைவதால் வந்த பெயர் அது. நோயாளிக்கும் உறக்கத்துக்கும் தொடர்பில்லை. இந்த மறுபாதியை நான் தொடங்குமுன் மண்டபம் சிரித்துவிட்டது.

“நித்திரைகொள்ளியிட்ட தண்ணி கட்டுற முறையைக் குடுத்தா, பக்கத்து வயலெல்லாம் கடலாப் போகும்” என்றார் பின்வரிசை வாங்கிலிலிருந்த ஒருவர்.

மனைவி எழுந்தார். “ஐயா, இவருக்குக் கண்தான் ஆடுது. கை ஆடேல்லை. மண்வெட்டியைக் குடுத்துப் பாருங்கோ.”

“மாஸ்டரே சொல்லிப்போட்டார், அம்மா. படிச்ச ஆள் பொய் சொல்லுவாரோ?” என்றார் அதிகாரி.

நான் எழுந்து மறுபாதியைச் சொன்னேன். விளக்க விளக்க அது பரிந்துரையாகவே ஒலித்தது.

“நீங்கள் பாவம் பாக்கிறியள், மாஸ்டர்” என்று அதிகாரி பட்டியலில் அவர் பெயரை வெட்டினார். “அடுத்த ஆள்.”

வெளியேறும்போது அந்த மனிதர் என்னருகில் நின்றார். “நீங்கள் சொன்னது பிழையில்லைத்தானே, மாஸ்டர்?”

“பிழையில்லை” என்றேன். உண்மையான பதில் அது ஒன்றே. அதற்குள்ளிருந்து வெளியேற எனக்கு வழியிருக்கவில்லை.

மறுவாரம் அவருக்காக மனு எழுதி அனுப்பினேன். பட்டியல் முடிந்துவிட்டதாகப் பதில் வந்தது. அவர் இன்னொருவர் வயலில் கூலிக்கு இறங்கினார். அங்கே தண்ணீர் கட்டியவரும் அவரே.

அதன்பின், கலைச்சொல் எதையும் விளக்க நேர்ந்தால், அந்தக் குறையுள்ளவரால் என்னென்ன செய்ய முடியும் என்பதை முதலில் சொல்கிறேன். சொல்லின் வேரை, கேட்டால் மட்டும் சொல்கிறேன்.