வெள்ளைக் கோட்டும் டாக்டர் சீட்டும்

சோற்றில் கை வைக்கும் நேரத்தில் போன் அடித்து, "உங்கள் கருத்தைச் சொல்ல முடியுமா?" என்று ஒரு பெண் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கட் பண்ணுவீர்கள். அந்தப் பெண் நான்தான். ஷார்ஜாவில் வீட்டிலிருந்தபடி, மகளை மடியில் வைத்துக்கொண்டு, வளைகுடா நாடுகளில் இருக்கும் நம் ஆட்களுக்குப் போன் போட்டுக் கருத்துக் கேட்பது என் வேலை. கேள்வியை எழுதியிருப்பதுபோலவே படிக்க வேண்டும். என் கருத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது. வாய் சும்மா இருக்காத என் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்கே தெரியும்.

அரை மணி நேரப் பேச்சு

இந்த முறை கேள்வி இது: "பரிந்துரைக்கப்படும் மருந்துகளுக்குத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்தலாமா?" சவூதியின் யான்புவில் சாரம் கட்டும் வேலை பார்க்கும் முதுகுளத்தூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர், "கூடவே கூடாது" என்றார்.

காரணம் கேட்டேன். கேம்ப் டாக்டர் கொடுத்த சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டாராம். டிவியில் பார்த்த வேறொரு மாத்திரையை, லீவில் போனவரிடம் சொல்லி வரவழைத்து விழுங்குகிறாராம். நான் ஒன்றும் சொல்லக் கூடாதே! "டிவியில அந்த வெள்ளைக் கோட்டுக்காரருதானேம்மா பரிந்துரைக்கிறாரு? எங்க டாக்டரு நிமிந்துகூடப் பாக்க மாட்டாரு. இவரு அரை மணி நேரம் நம்ம மூஞ்சியப் பாத்துப் பேசுறாரு."

துண்டு

தோஹாவில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் யாழ்ப்பாணத்து அக்கா, "என்ன மருந்து, என்ன மருந்து?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். பொறுமை போய், "டாக்டர் சீட்டு எழுதித் தருவாரே அக்கா, அந்த மருந்து" என்று சொல்லிவிட்டேன். மடியிலிருந்த மகள், "மம்மி, சீட்டுன்னா உக்கார்றதா?" என்றாள். அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "துண்டில எழுதித் தாற மருந்தெண்டு முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை. டிவியப் பாத்துக் குளிசை விழுங்கிறதெண்டா, பிறகு டொக்டர் என்னத்துக்கு?"

அட்வைஸ் மாஃபி

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஆட்களுக்குப் பரிந்துரை என்றால் சிபாரிசு. டிவிக்காரர் சிபாரிசு செய்தாலும் அது பரிந்துரைதான். சூப்பர்வைசர் மேடத்திடம் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர். "கேள்வி அப்ரூவ் ஆயிருச்சு, கலாஸ், அவ்வளவுதான்" என்றார். யான்பு அண்ணனின் ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்டார். "அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்திக்கோ கண்ணு. பழைய ஆளுங்களையெல்லாம் மறுபடி கூப்பிடு. ஆனா அட்வைஸ் மாஃபி, மூச்சு விடக் கூடாது."

ஊன்றிப் படித்தது

முதல் போன் யான்புவுக்கு. "டாக்டர் சீட்டு எழுதித் தரும் மருந்துகளுக்கு…" என்று தொடங்கினேன்.

"யாரு எழுதித் தர்றது?" என்றார் அண்ணன்.

விளக்கம் சொல்லக் கூடாது. ஆனால் கேள்வியைத் திரும்பப் படிக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. 'டாக்டர் சீட்டு' வந்த இடத்தில் குரலை நன்றாக ஊன்றிப் படித்தேன். 'டாக்டர் சீட்டு' என்று அண்ணனும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்த வெள்ளைக் கோட்டு எனக்கு ரத்தம் எடுத்துப் பாக்கலையேம்மா. கட்டுப்படுத்தணும்னே எழுதிக்க" என்றார்.

பதிலைச் சரிபார்க்க அடுத்த வாரமும் கூப்பிட்டேன். பதில் மாறவில்லை. அவரும் கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுத்து, பழைய மாத்திரையையே மறுபடி ஆரம்பித்திருந்தார். விளம்பரத்தை யார் எப்போது கட்டுப்படுத்துவார்களோ தெரியாது, இப்போதைக்கு வாயை அடக்கிக்கொண்டே ஒரு டிவி மாத்திரை டப்பாவைக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறேன். நன்றி சொல்லிப் போனை வைக்கப் போனேன், அண்ணன் விடவில்லை.

"தாயி, எங்க டாக்டருக்கும் ஒரு போனப் போட்டு, வர்ற ஆளு மூஞ்சியப் பாத்து ரெண்டு வார்த்தை பேசுறதப் பத்தி அவரு கருத்து என்னன்னு கேளேன்."